மலிவு கிளாம்ப் மகாத்மியம்

மரவேலை செய்கிறவனுக்கு இரண்டு கை போதவே போதாது. ஒரு கை ஒரு பலகையைப் பிடித்திருக்கும், மறு கை இன்னொரு பலகையை. நடுவில் வழிகிற ஃபெவிகாலைத் துடைக்க ஆளிருக்காது. முருகனுக்குப் பன்னிரண்டு கை இருந்தும் அவர் தச்சு வேலைப் பக்கம் வந்ததாகப் புராணத்தில் இல்லை. நமக்கு வாய்த்தது இரண்டு. மிச்சக் கைகளைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும். கடையில் அதற்குக் கிளாம்ப் என்று பெயர்.

எங்கள் தெருவுக்கு வேலைக்கு வரும் ஆசாரியிடம் கிளாம்ப் கிடையாது. தரையில் உட்கார்ந்து, ரீப்பர் கட்டையைக் கால் விரலாலும் குதிகாலாலும் அமுக்கிக்கொண்டாரென்றால், இழைப்புளி எவ்வளவு வேகமாகப் போய் வந்தாலும் மரம் இம்மி நகராது. ஒட்டின சட்டத்தை, நாடாவாக நறுக்கிய பழைய சைக்கிள் டியூபால் இழுத்துச் சுற்றிக் கட்டிவிடுவார். அகலப் பலகை என்றால் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டை அடித்து, விட்ட இடைவெளியில் இரண்டு ஆப்பை எதிரும் புதிருமாகச் செருகித் தட்டுவார். “ஆப்புக்கு மிஞ்சின கிளாம்ப் ஏது சார்?” என்பார். வாஸ்தவம்தான். ஆனால் அவர் கால் விரல் சிறு வயதிலிருந்து தொழில் பழகியது. என் கால் விரலுக்குத் தெரிந்த ஒரே வேலை, இருட்டில் கட்டில் காலைக் கண்டுபிடிப்பது.

“ஃபெவிகால் போட்டாச்சே, அப்புறம் எதுக்கு இத்தனை இரும்பு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. எல்லாம் விளம்பரம் செய்த வேலை. 1959ல் வந்த பசை அது. பஸ் கொள்ளாமல் ஜனங்கள் தொற்றிக்கொண்டு, எவ்வளவு குலுங்கினாலும் ஒருவரும் விழாமல் போகிற அந்தப் பழைய விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரில் கிளாம்ப் போட்டவர் ஒருவரும் இல்லை. நிஜத்தில் வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை மரம் குடித்து முடிக்கும்வரை பலகைகள் இரண்டும் நெருக்கமாக இருந்தாக வேண்டும். இடைவெளி இருந்தால் பசை வெறும் தோலாகக் காய்ந்து நிற்கும். தட்டினால் கையோடு வரும்.

ஆக, கடைக்குப் போனோம். அங்கே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஜெர்மனிச் சரக்கு. விலையைக் கேட்டதும் தவணை வசதி உண்டா என்று விசாரிக்கத் தோன்றும். இன்னொன்று கோணிப்பையில் மொத்தமாகக் கொட்டிக் கிடக்கும், பெயின்ட் வாசனை போகாமல். “இதுவும் இறுக்கும் சார்” என்பார் கடைக்காரர். எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லமாட்டார்.

மலிவு கிளாம்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இன்னும் செய்து முடிக்கப்படவில்லை என்பதுதான். தொழிற்சாலை பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை நம் பொறுப்பில் விட்டிருக்கிறது. விலை குறைந்ததே அதனால்தான். மீதியைச் செய்து முடிக்கிறவருக்கு அது கிளாம்ப். மற்றவருக்குப் பேப்பர் வெயிட்.

எஃப் கிளாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை மேல் ஓடுகிற கைக்குப் பூட்டு என்று எதுவும் இல்லை. பட்டையைவிடச் சற்றே பெரிய துளை, அவ்வளவுதான். திருகை முடுக்கினால் கை சாயும், துளையின் விளிம்பு பட்டையைக் கடித்துக்கொள்ளும். சாய்ந்தால்தான் பிடிப்பு என்ற தத்துவத்தை அரசியல்வாதிகளுக்கு அடுத்தபடியாகக் கடைப்பிடிப்பது இந்தக் கருவிதான். மலிவுச் சரக்கில் அந்த விளிம்பு மழுங்கி, மேலே பெயின்ட் பூசி, பட்டையில் எண்ணெயும் தடவி வரும். கடிப்பதற்குப் பல்லே இருக்காது. முக்கோண அரத்தால் விளிம்பைக் கூராக்கி, தின்னரால் எண்ணெயைத் துடைத்து, பட்டையில் சாக்பீஸ் தேய்த்தால் அப்புறம் நழுவாது.

திருகுக்கு வருவோம். மரைக்குள் இரும்புப் பிசிறு இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, மெழுகுவர்த்தியை மரை நெடுகத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம். அது சொட்டிய இடத்தில் பசையும் பிடிக்காது, பாலிஷும் ஏறாது. கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்து வழவழவென்று வைத்திருப்பார்கள். சென்னை வியர்வையில் அது கைக்குள் வழுக்கிச் சுற்றுமே தவிர, திருகு திரும்பாது. வார்னிஷை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு ஆசாரியின் சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். திருகின் நுனியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தொப்பி முதல் வாரமே உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விடும். அதற்குப் பதில் தோலை வட்டமாக வெட்டி ஒட்டினால் மரத்தில் தடம் விழாது.

தோல் எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்வியை என் மனைவி வேறு மாதிரி கேட்டாள்: “என்னங்க, உங்க பிரவுன் பெல்ட் எங்க போச்சு?” அது பாகம் பாகமாக மாடியில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பதில் சொன்னேன். அன்று முதல் அவளுடைய ஹேண்ட்பேக் பூட்டின அலமாரிக்குள் இருக்கிறது.

அலுமினிய பார் கிளாம்பின் கதை வேறு. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், உள்ளே காலி. முடுக்கினால் பார் வளையும், கூடவே ஒட்டுகிற பலகையும் வளையும். டீப்பாய் செய்யப் போய்த் தொட்டில் செய்துவிடலாம். இதற்கு வைத்தியம், உட்கூட்டின் அளவுக்கு ஒரு மரச் சட்டத்தை இழைத்துக் கொட்டாப்புளியால் தட்டி உள்ளே இறக்குவது. நுனியில் ஒரு ஸ்க்ரூ. விறைப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பது அடுத்த தடவை முடுக்கும்போதே கைக்குத் தெரியும்.

நீளம் வேண்டுமா, பிளம்பர் கடைக்குப் போங்கள். பைப் கிளாம்பின் இரண்டு தலைகளை மட்டும் வாங்கிக்கொண்டு, ஜிஐ பைப்பை வேண்டிய நீளத்துக்கு மரை போட்டு வாங்கிவிடலாம். அமெரிக்கப் பைப் மரையும் நம்மூர் மரையும் வேறு வேறு குலம், கோணம்கூட ஒத்துப்போகாது. ஆனாலும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டு அளவிலும் இரு தரப்புக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் சம்பந்திகள் கொஞ்சம் முறைத்துக்கொண்டாலும் கல்யாணம் நடந்துவிடும். பைப்புக்கும் பலகைக்கும் நடுவே மட்டும் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். ஈரப் பசையோடு இரும்பு பட்டால் மரத்தில் கறுப்புக் கறை விழும், டேப்பில் பசை ஒட்டவும் செய்யாது.

கிளாம்ப் எண்ணிக்கை குறைவாக இருக்கிறவர்களுக்கும் வழி உண்டு. பலகைக்குக் குறுக்கே ஒரு தடிச் சட்டம் கொடுங்கள். அதன் அடிப்பக்கத்தை, நடுவில் ஒரு மில்லிமீட்டர் புடைப்பு நிற்கும்படி இழைத்திருக்க வேண்டும். இரண்டு முனையில் கிளாம்ப் போட்டாலே நடுவிலும் அழுத்தம் விழும். இரண்டு கிளாம்ப், மூன்று கிளாம்பின் வேலை செய்யும். இணைப்பு ஓரத்தில் பசை முத்து முத்தாகக் கசிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முடுக்குவது வீரம். வீரத்தை மலிவு கிளாம்ப் தாங்காது.

முடிவாக ஒரு வார்த்தை. மலிவு கிளாம்பைத் தாராளமாக வாங்குங்கள், ஜோடி ஜோடியாக வாங்குங்கள். வாங்கிய அன்றே அரமும் மெழுகுவர்த்தியுமாக உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டால், நீங்கள் சீர்திருத்தாத ஒன்றைக் கொடுங்கள். மறுபடி கேட்கமாட்டார்.