டப்பாவா, தானியமா?

கேள்வி: மால்ட் சிரப் டப்பாவைக் கரைத்தாலே பியர் ஆகிவிடுகிறது. தானியத்தை உடைத்து, ஊறவைத்து, ஒரு சனிக்கிழமையையே பலிகொடுத்து பேல் ஏல் காய்ச்சுவது வெட்டிவேலை இல்லையா?
(ஒரு வாசகர், பொயிண்ட் குக்)

பதில்: போதைதான் குறி என்றால் வெட்டிவேலையேதான். ஆனால் டப்பாவுக்குள் எந்தச் சர்க்கரை எவ்வளவு என்பதை வேறொருவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். உடைத்த மால்ட்டை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் தின்று தீர்க்கும் சர்க்கரை கூடி, பியர் இனிப்பில்லாமல் வெடுக்கென்று நிற்கும். 69க்கு ஏற்றினால் ஈஸ்ட் தொடமுடியாத மிச்சம் தங்கி, நாக்கில் கனம் ஏறும். நான்கே டிகிரியில் இரண்டு பியர்! தண்ணீரும் கைகொடுக்கிறது: மெல்பேர்ன் குழாய்த் தண்ணீர் மிக மென்மையானது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கும் ஜிப்சத்தை இங்கே நாமே கொஞ்சம் சேர்த்தால், ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகும்.

"புளிக்கும்போது சூடு தவறினால் எல்லாம் வீண்தானே?" என்பீர்கள். வாஸ்தவம். கோடை வெக்கையில் புளித்த தானிய பியரை, 20 டிகிரிக்குள் ஒழுங்காகப் புளித்த டப்பா பியர் சுலபமாகத் தோற்கடிக்கும். ஆகவே முதலில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், பிறகு தானியம். சொந்தக் குடிக்குக் காய்ச்ச ஆஸ்திரேலியாவில் தடையில்லை, விற்றால்தான் வம்பு. விடுமுறைக்குத் தமிழ்நாடு போய் அம்மாவின் அண்டாவில் முயன்றுவிடாதீர்கள். அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. டாஸ்மாக் அதில் சேர்த்தியில்லை.