சட்டத்தில் இடம் இருக்கிறது

சோழிங்கநல்லூரில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த உங்களை ஜெர்மனிக் கம்பெனி ஒன்று அழைத்து, ப்ளூ கார்டும் கிடைத்து, மியூனிக்கில் வாடகைக்கு வீடும் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். (வீடு அமைந்தது என்பதைப் பேச்சுக்காகத்தான் ஒப்புக்கொள்கிறேன்.) மனைவிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பையனுக்கு ஒன்றரை வயது. காலையில் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வது?

கவலையே வேண்டாம். ஒரு வயது நிறைந்த எந்தக் குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. இதைப் படித்ததும் நம் ஆட்களுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது ஒரு வாரம்வரை தாங்கும். அதன்பிறகு காப்பகங்களுக்குப் போன் போட ஆரம்பிப்பார்கள்.

முதலில் விண்ணப்பிக்கும் காலம். காப்பகத்தைப் பொதுவாக கிட்டா என்பார்கள். மூன்று வயதுக்குக் கீழே கிரிப்பெ, அதற்கு மேலே கிண்டர்கார்ட்டன். எப்போது பேர் கொடுக்கலாம் என்று உள்ளூர்த் தாய்மார்களைக் கேட்டால், கர்ப்பம் உறுதியான அன்றே கொடுத்துவிடு என்பார்கள். அவ்வளவு அலட்சியம் கூடாது. கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு கொடுத்துவைப்பது உத்தமம். ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கியவர்கள் ஏற்கெனவே வரிசையின் வாலில் நிற்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் போதும், பாதி வருத்தம் குறையும்.

மியூனிக் மாநகராட்சிக்கு கிட்டா ஃபைண்டர் பிளஸ் என்று ஓர் இணைய வாசல் உண்டு. அதில் பதிந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காப்பகங்களை எல்லாம் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பக்கத்து' என்ற சொல்லை அகல விரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம் போனாலும் பக்கம்தான். ஆண்டு தொடங்குவது செப்டம்பரில். அந்தச் செப்டம்பருக்கான ஓட்டம் வசந்தத்துக்கு முன்பே முடிந்துவிடும். மாநகராட்சி நடத்தும் காப்பகங்களில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு விதி இருக்கிறது. தனியாரும் சங்கங்களும் நடத்துபவற்றில் அவர்கள் வைத்ததுதான் விதி.

ஊரில் நீங்கள் பயின்ற வித்தை எல்லாம் இங்கேதான் கழன்று விழும். எல்.கே.ஜி. விண்ணப்பப் படிவத்துக்காகப் பள்ளி வாசலில் ராத்திரி முழுக்கக் காத்திருந்த வம்சம் நாம். எம்.எல்.ஏ. கடிதம், கட்டட நிதி, தாளாளரின் மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் என்று ஆயுதங்களுக்குக் குறைவே இல்லை. இங்கே வாசலில் ராத்திரி நின்றால் போலீஸ் வரும். கட்டட நிதி என்று ஒரு கவரை நீட்டினால் காப்பகத்து அம்மாள் அதைத் திறந்து பார்த்து, எதற்கு என்று நிஜமாகவே கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு உங்களுக்கு ஜெர்மன் வராது. ஒரே ஒரு நியாயமான சிபாரிசு உண்டு. பெரிய கம்பெனிகள் சில, தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று காப்பகங்களில் இடங்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். சம்பளம் பேசும்போதே எச்.ஆரிடம் அதைக் கேட்டுவிட வேண்டும். நாம் அப்போது போனஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

தனியார் காப்பகங்களுக்குக் கடிதம் எழுதுவது பெண் பார்க்கும் படலத்துக்குச் சற்றும் குறையாதது. குடும்பப் புகைப்படம் வைக்க வேண்டும். பையன் சிரித்தபடி, நீங்கள் இருவரும் பொறுப்பானவர்களாக. குழந்தையின் சுபாவம் என்ன, உங்கள் வீட்டில் எந்த மாதிரி வளர்ப்பு, காப்பகத்துக்கு நீங்கள் என்ன செய்து தருவீர்கள் என்று எழுத வேண்டும். 'பையன் நூறு வரை எண்ணுவான்' என்று பெருமையடிக்காதீர்கள். அங்கே அது ஓர் உடல்நலக் குறைபோல் கவனிக்கப்படும். 'மண்ணில் விளையாடப் பிடிக்கும்' என்று எழுதுங்கள். 'அப்பாவுக்குத் தச்சு வேலை தெரியும், அம்மா கேக் செய்வார்' என்றால் இன்னும் எடுபடும். தச்சு வேலையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கடிதம் போட்டபின் மாதம் இரண்டு முறை போனில் நலம் விசாரிப்பது முறை. வாரம் இரண்டு முறை என்றால் தொந்தரவு. மூன்று மாதம் பேசாமல் இருந்தால் உங்களுக்கு ஆர்வமில்லை என்று பேரை அடித்துவிடுவார்கள்.

வழக்குப் போடலாமே என்பார் அலுவலகத்து ஜெர்மன் நண்பர். போடலாம். லைப்சிக் நகரத்துத் தாய்மார்கள் போட்டார்கள். இடம் தராததற்கு நகராட்சியின் மேல் தவறு இருந்தால், வேலைக்குப் போக முடியாமல் இழந்த சம்பளத்தைக் கேட்கலாம் என்று 2016இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் சொன்னது. மியூனிக்கிலேயே ஒரு குடும்பம், மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் தனியார் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வித்தியாசத் தொகையை மாநகராட்சிதான் தர வேண்டும் என்று கேட்டது. அந்த வழக்கு 2017இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. இடமில்லை என்று சொல்லி நகராட்சி தப்பிக்க முடியாது என்று நீதிபதிகள் அழுத்தமாகச் சொன்னார்கள். பணம் மட்டும் கிடைக்கவில்லை. கொள்கையளவில் வென்று பர்ஸ் அளவில் தோற்கும் அனுபவம் நமக்குப் புதிதல்ல என்பதால், ஆசைப்படுபவர்கள் முயன்று பார்க்கலாம்.

மாற்று வழிகளும் உண்டு. டாகஸ்முட்டர் என்று, தம் வீட்டிலேயே ஐந்து குழந்தைகள் வரை பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற அம்மாக்கள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து வீட்டில் லீவு.

இன்னொன்று காட்டுக் கிண்டர்கார்ட்டன். உவமை அல்ல, காடேதான். கட்டடம் கிடையாது, மரங்களுக்கு நடுவே ஒரு பழைய வண்டிப்பெட்டி நிற்கும். மழையோ பனியோ, பிள்ளைகள் வெளியில்தான். நாலு வயது வாண்டு, மரக்கட்டைமேல் உட்கார்ந்து கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆசிரியை தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பார். நம் பக்கத்து அம்மாக்கள் முதல் நாள் அந்தக் கத்தியைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் வரமாட்டார்கள். ஆனால் அங்கே இடம் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கலாம், கேட்டு வையுங்கள்.

நமக்கே உரிய வழி, பாட்டி. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். சட்டம் இயற்றியவர்கள் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதைச் செய்தார்கள் என்பது என் துணிபு. முதல் 90 நாள் உங்கள் அம்மா, அடுத்த 90 நாள் உங்கள் மாமியார், பிறகு மறுபடியும் அம்மா. ஒருவர் இறங்க ஒருவர் ஏற, விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நேரத்துக்கு மேல் சம்பந்திகள் ஒரே கூரையின் கீழ் இருக்கவே மாட்டார்கள். செலவு உண்டு, ஒவ்வொரு முறையும் 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடக் கூடாது என்பதை மட்டும் விமானம் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் மறந்தே போன ஒரு காப்பகத்திலிருந்து இடம் கிடைத்த தகவல் வரும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படித்தால் தம்பி தங்கைக்குப் பல இடங்களில் முன்னுரிமை உண்டு. எனவே முதல் பிள்ளைக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் நிதானத்தை இழக்காமல், அடுத்ததைப் பற்றி அன்றே யோசித்துவிடுவது சிக்கனம்.

சேரும்போது தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 2020 மார்ச் முதல் அது கட்டாயம். ஊரில் போட்ட ஊசி விவரம் மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த அட்டையில், டாக்டர் கையெழுத்தில் இருக்கும். அதை இங்கே எந்த மருத்துவராலும் படிக்க முடியாது. அங்கேயும் முடியாது.

அதன்பின் பழக்கப்படுத்தும் காலம். பெர்லின் மாதிரி என்று ஒரு முறையைப் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ குழந்தையோடு ஒரு மணி நேரம் போலக் கூடவே இருக்க வேண்டும். நாலாம் நாள் சில நிமிடம் வெளியே போய்ப் பார்க்கலாம். அந்த நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது. கூட இருப்பது என்றால் மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பது. நாற்காலி முழங்கால் உயரம்கூட இருக்காது. உங்கள் மூட்டு காதுக்குப் பக்கத்தில் வரும். போன் பார்க்கக் கூடாது. பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, ஊட்டக் கூடாது, 'அங்கே ஏறாதே' என்று சொல்லக் கூடாது. பத்து மணிக்குத் தட்டில் பச்சை நூல்கோல் வரும். உங்கள் அம்மா சாம்பாரில் போட்டால் ஒதுக்கிவைக்கிற அதே நூல்கோல், பச்சையாக, விரல் நீளத்துக்கு நறுக்கி. பையன் அதைக் கரக் கரக்கென்று கடிப்பான். நீங்கள் எழுந்து போட்டோ எடுக்கக் கூடாது. இத்தனை பயிற்சியும் குழந்தைக்கு என்று நினைத்தால் அது உங்கள் பிழை.

ஒரு மாதத்தில் அவன் ஆசிரியையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். மிஸ் கிடையாது, டீச்சர் கிடையாது, மொட்டையாக சபீனெ. அந்த நேரத்து 90 நாளில் இருக்கும் பாட்டி யாராயிருந்தாலும் இதைக் கேட்டு ஒரு வேளை சாப்பிடமாட்டார்.

வாங்க வேண்டியவை: சேற்றில் புரள ரப்பர் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே போட ஒரு செருப்பு, மாற்றுத் துணி இரண்டு செட். எல்லாவற்றிலும் பேர் எழுதியிருக்க வேண்டும். 'வெங்கடசுப்ரமணியன்' என்று பேர் வைத்தவர்கள் பூட்ஸ் வாங்கும்போது வருந்துவார்கள்.

குளிர் தொடங்கியதும் காய்ச்சல், இருமல், கை கால் வாய் நோய் என்று வரிசையாக வரும். காலை பத்து மணிக்குப் போன் வந்தால் எடுக்கும் முன்பே கோட்டை மாட்டிக்கொள்ளலாம். சட்டபூர்வ மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையின் நோய்க்கென்று சம்பள இழப்பீட்டோடு விடுப்பு உண்டு. 2024இல் அதை ஒரு குழந்தைக்கு ஆளுக்கு 15 நாள் என்று வைத்தார்கள். நவம்பருக்குள் தீர்த்துவிடலாம். நடுவில் ஒருநாள் வாசல் கதவில் பேன் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். ஜெர்மன் வீடுகளில் அன்று பெரும் கலக்கம். மருந்துக்கடையில் ஷாம்பூ தீர்ந்துபோகும். பாட்டியின் பெட்டியிலிருந்து ஈருளி வெளியே வருவது அன்றைக்குத்தான். அவர் ஐரோப்பாவுக்கு வந்த காரணம் அவருக்கே அன்று விளங்கிவிடும்.

'இவன் ஏ பி சி டி எப்போது படிப்பான்?' என்ற கேள்வியைக் காப்பகத்தில் கேட்காதீர்கள். ஃபிரெட்ரிக் ஃப்ரோபல் 1840இல் பாட் பிளாங்கன்புர்க்கில் தொடங்கிய ஏற்பாடு இது: மரப் பந்து, உருளை, கனசதுரம், தோட்டம், பாட்டு. பிரஷ்ய அரசு அதிலும் நாத்திக வாடை அடிக்கிறது என்று 1851இல் தடை போட்டது. தடை நீங்க 1860 ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் பலனை நாம் வாங்கிக்கொண்டு போய், மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டும் டையும் மாட்டிவிட்டோம். இங்கே ஆறு வயது வரை எழுத்துப் பாடம் கிடையாது. சனிக்கிழமை தமிழாலயத்தில் சேர்த்தால் அ, ஆ கிடைக்கும். எண்பதுகளில் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் இந்த நாட்டின் பல நகரங்களில் கட்டி வளர்த்த பள்ளிகள் அவை. அந்த உழைப்பை மட்டும் என்னால் கேலி செய்ய முடியாது. உங்கள் பையன் அங்கே போய் 'என்ன செய்யிறியள்' என்று பேசத் தொடங்கினால் திருத்தாதீர்கள். உங்கள் வீட்டுத் தமிழைவிட அது நன்றாகவே இருக்கும்.

ஆறு வயதில் பள்ளிக்கூடம். எந்தப் பள்ளி பெஸ்ட் என்று விசாரித்துக் களைக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் தெருவுக்கு எது என்று எழுதியிருக்கிறதோ, அதுதான். முதல் நாள் பிள்ளையின் கையில் அவன் உயரத்துக்குப் பாதி வருகிற காகிதக் கூம்பு ஒன்றைக் கொடுத்து, உள்ளே மிட்டாயும் பென்சிலும் நிரப்ப வேண்டும். அன்று லீவு போடுங்கள். மறுநாளும் போடுங்கள், ஏனென்றால் ஒன்றாம் வகுப்பு பதினொன்றரை மணிக்கே முடிந்துவிடலாம். மதியத்துக்கு யார் பார்த்துக்கொள்வது என்ற பழைய கதை மறுபடியும் முதலிலிருந்து. ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக முழுநாள் பராமரிப்புக்கும் உரிமை தரும் சட்டத்தை 2021இல் நிறைவேற்றியிருக்கிறார்கள். 2026 ஆகஸ்டிலிருந்து அமல். உரிமை என்றால் என்ன என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை, 1தான் உயர்ந்தது. பையன் 5 வாங்கி வந்தான் என்று ஊருக்கு வீடியோ கால் போட்டு அறிவிக்கும் முன் இதை நினைவில் கொள்க.

இத்தனை வருடம் விளையாட்டு, சேறு, நூல்கோல் என்று தவித்த உங்களுக்கு நாலாம் வகுப்பில் ஒரு விடிவு காத்திருக்கிறது. மியூனிக் இருக்கும் பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியம், 2.66 வரை என்றால் அதற்கு அடுத்த படியான ரியால்ஷூலெ. சான்றிதழ் மே மாதத் தொடக்கத்தில் வரும். பத்து வயதில் கட்-ஆஃப்! தசமப் புள்ளியோடு! பொங்கல் விழாவின் சாப்பாட்டு வரிசையில் அந்த இரண்டு எண்களைத் தவிர வேறு பேச்சே இருக்காது. ரியால்ஷூலெ முடித்தவர்களும் பிறகு மேல்நிலைக்குப் போய்ப் பல்கலைக்கழகம் சேர வழி இருக்கிறது, பத்து வயதில் எதுவும் முடிந்துவிடாது என்று யாராவது ஒருவர் பொறுமையாக விளக்குவார். எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு வடையை வாங்கிக்கொண்டே முன்னால் நிற்பவர் திரும்பி, 'கணக்குக்கு நல்ல டியூஷன் யாராவது தெரியுமா சார்?' என்பார்.