29 வயதில் விடைபெற்றவர்

கேள்வி: 29 வயதிலேயே கால்பந்தை விட்ட ஜப்பானின் ஹிடெட்டோஷி நகாடா, திறமையை வீணடித்துவிட்டார் அல்லவா?

பதில்: இல்லவே இல்லை. ஆடிய ஆண்டுகளை மட்டும் எண்ணினால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. 1998இல் இத்தாலியின் பெரூஜா அணி அவரை வாங்கியதே ஜப்பானில் ஜெர்சி விற்கத்தான் என்று பேசினார்கள். முதல் லீக் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு அந்த வாய்களை அடைத்தார். பிறகு போன ரோமா அணியில் நட்சத்திர வீரர் டொட்டிக்கு மாற்று ஆள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2001 மே 6 அன்று டூரினில் யுவென்டஸ் 2-0 முன்னிலையில் இருந்தபோது, டொட்டியை வெளியே எடுத்து நகாடாவை இறக்கினார் பயிற்சியாளர் கபெல்லோ. தூரத்திலிருந்து நகாடா உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. கடைசி நேரத்தில் அவர் உதைத்த இன்னொன்றைக் கோல்கீப்பர் பிடிக்க முடியாமல் தட்டிவிட, சக வீரர் மொன்டெல்லா உள்ளே தள்ளினார், 2-2. அந்தப் பருவம் ரோமா 75 புள்ளி, யுவென்டஸ் 73. அன்று ரோமா தோற்று, மற்றதெல்லாம் அப்படியே இருந்திருந்தால் 75-74 என்று பட்டம் யுவென்டஸுக்குப் போயிருக்கும்!

இன்னொரு ஜப்பானிய வீரர் மியூரா ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடினாரே என்றால், அந்தக் காதல் வணங்கத்தக்கது. எல்லோருக்கும் அதைச் சட்டமாக்க முடியாது. ரோமாவை விட்டுப் பார்மாவுக்குப் போன பின் போலோன்யா, ஃபியோரென்டினா, போல்டன் என்று நகாடா ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். 2006 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் 4-1 எனத் தோற்றதும் மைதானத்தின் நடுவட்டத்தில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தார். சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். பிறகு சொந்த நாட்டின் ஊர்களைச் சுற்றி, கைவினைஞர்களையும் அரிசி மதுவான சாக்கே காய்ச்சுபவர்களையும் தேடிப்போனார். அந்தச் சாக்கேயை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலையில் முழுமூச்சாக இறங்கினார்.