திணை மயங்கிய சைக்கிள்: மலிவு விலை மலைவண்டியும் நெய்தல் நிலத்து இரங்கலும்

தொல்காப்பியர் ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எண்ணிச் சொல்லிவிட்டு ஊர்தியை மட்டும் விட்டுவிட்டார். இதே வகையில் பிறவும் உண்டு என்று ஒரு திட்டிவாசலைத் திறந்து வைத்ததால், பின்வந்த உரைகாரர்கள் பூவையும் நீரையும் அதன் வழியே உள்ளே கொண்டுவந்தார்கள். சைக்கிளை யாரும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால், குறிஞ்சி நிலத்துக்குரிய வண்டியொன்று கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கும் வேளச்சேரியில், மூன்றாம் மாடி பால்கனியில், ஈரத்துண்டு காயப் போட நின்றிருக்காது. இந்த இலக்கண இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைப்பது, முன்னால் ஒரு ஷாக், பின்னால் ஒரு ஷாக், 21 கியர், இரண்டு டிஸ்க் பிரேக், முரட்டு டயர். சக்கரமும் பெடலும் இருப்பதால் சைக்கிள் என்று கொள்க. வாங்குபவர் நாற்பதை நெருங்குபவர், பள்ளிப் பருவத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர், இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றைக் கையில் வாங்கியவர். அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே இவர் தலைவன், விற்றவர் விற்றவர். தலைவி இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிளை வைத்துக்கொள்க. தலைவனின் மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் ஒப்புதல் இல்லை. அவர் கருத்து ஒரே வரியில் இருந்தது. அச்சில் ஏற்றத் தக்கதன்று.

கருதுகோள் இது. இப்படி வாங்கியவர்கள் பின்னர் வருந்துவதை அவரவர் அறியாமை என்றும், சரக்கின் மலிவு என்றும் உலகம் சொல்லி வருகிறது. இரண்டும் பொருந்தா. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரை ஊரில் மலைவண்டி வாங்கியவன் இரங்காமல் இருந்தால்தான் அது வழு. திணைகள் ஒன்றோடொன்று கலப்பதைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை; நிலங்கள் கலப்பதைத்தான் ஒப்பவில்லை. அதாவது வேளச்சேரியில் இருந்துகொண்டு மலையை நினைக்கலாம். மலை வேளச்சேரிக்கு வராது.

தலைவியின் குடிப்பிறப்பைப் பார்ப்போம். மலைச் சைக்கிளின் பிறந்தகம் கலிபோர்னியாவின் மரின் வட்டாரம், டமால்பயஸ் மலைப்பகுதி. (விழும் ஓசை மலைப்பெயரிலேயே இருப்பது தற்செயல். வேர்ச்சொல் ஆய்வாளர்கள் அடுத்த வரிக்குப் போகவும்.) அங்கே 1976-இல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்கும் மண்பாதையில் பந்தயம் விட்டார்கள். கேரி ஃபிஷர் அதை 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியது இன்றும் பேசப்படுகிறது. பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கும் பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே முதல் சட்டகத்தைச் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது.

இதில் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்த முன்னோர் ஓட்டியதும் மலிவு வண்டிதான். 1930களிலும் 40களிலும் செய்து, காயலான் கடைக்குப் போகவிருந்த சரக்கு. அதில் ஷாக் கிடையாது, டிஸ்க் கிடையாது, பெரும்பாலும் கியரும் கிடையாது. இருந்த ஒன்றிரண்டு பாகங்கள் கெட்டியான இரும்பு. ஆகவே மலிவின் மீது பழி போடுவது குடிமரபுக்கே முரண்.

இனிக் குறிஞ்சி. இதன் உரிப்பொருள் புணர்தல், சிறுபொழுது யாமம். ஆன்லைன் தள்ளுபடி விற்பனை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவது ஏன் என்ற வணிகவியல் புதிருக்கு இங்கே விடை கிடைக்கிறது. வீடு உறங்கியபின், போன் வெளிச்சத்தில், தலைவன் தலைவியை முதன்முதலாகக் காண்கிறான். படத்தில் பின்புலம் பனிமலை. ஒருவன் பாறையிலிருந்து வண்டியோடு அந்தரத்தில் பறக்கிறான். கீழே சிறிய எழுத்தில் சாகசங்களுக்கு ஏற்றதல்ல என்ற பொருள்பட ஏதோ இருக்கும். காதலில் யார் சிறிய எழுத்தைப் படித்தார்கள்? ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். மலைச் சைக்கிள் தோற்றத்தில் வரும் மலிவு வண்டிகளின் சட்டகத்திலேயே, கரடுமுரடான பாதையில் ஓட்டாதே என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள்.

முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல், சிறுபொழுது மாலை. டெலிவரிக்காரரும் மாலையில்தான் வருகிறார். வருவது சைக்கிள் அல்ல, ஓர் அட்டைப்பெட்டி. ‘85 சதவீதம் பூட்டியது’ என்று விளம்பரத்தில் இருந்ததை ஒரு பெருமையாகவே தலைவன் எண்ணியிருந்தான். மீதி 15 சதவீதம் என்னென்ன என்பது இப்போது தெரிகிறது: ஹேண்டில்பார், முன்சக்கரம், சீட்டு, இரண்டு பெடல், கூடவே ஒரு சின்ன எல் வடிவச் சாவி. இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் கழன்றால் பல் போகும் என்பது கவனிக்கத் தக்கது. முன் ஃபோர்க்கைப் பின்னுக்குத் திருப்பியபடியே ஹேண்டிலை முறுக்கி ஓட்டுகிறவர்களை எந்தத் தெருவிலும் காணலாம். அதைவிடப் பெரிய விபரீதம் இடது பெடல். அதன் மரை மறுபக்கம் திரும்புவது. இரண்டு பெடலையும் முன்சக்கரத்தை நோக்கித் திருகினால்தான் இறுகும். இதை அறியாத தலைவன் இடதையும் வலதைப் போலவே திருகுகிறான். ஏறவில்லை. புது வண்டி, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று ஸ்பேனர் போட்டு ஏற்றுகிறான். மரை சாகிறது. சத்தமே வராததால் அன்றைக்குத் தெரியவில்லை.

நற்றாய் கூற்று: “ஏன்டா, ஸ்டாண்டு எங்க? மட்கார்டு எங்க? கேரியர் இல்லாம அரிசி மூட்டைய எதுல வெச்சு எடுத்துட்டு வருவ?”

மருதத்துக்கு வந்துவிட்டோம். உரிப்பொருள் ஊடல், சிறுபொழுது வைகறை. ஆய்வின் வளமான பகுதி இதுவே, ஏனெனில் ஊடுவதற்கு 21 வழிகள் இருக்கின்றன. அல்லது இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த வகை வண்டியில் முன்னால் 42, 34, 24 பல் கொண்ட மூன்று வட்டும், பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 என்று ஏழு வட்டும் இருப்பது வழக்கமான அமைப்புகளில் ஒன்று. மூவேழு இருபத்தொன்று. ஆனால் முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். பெரிய வட்டில் 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. சின்ன வட்டில் 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் 1.5. 42-க்கு 24, 34-க்கு 20, 24-க்கு 14 ஆகிய மூன்றும் 1.75, 1.70, 1.71 என்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இப்படி ஒன்றையே இரண்டு மூன்று முறை எண்ணியதைக் கழித்தால் உண்மையில் தேறுவது பதினான்கு சொச்சம். அதிலும் பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது போட்டால் செயின் குறுக்கே இழுபட்டுக் கத்தும். சென்னையில் தேவைப்படுவது இரண்டோ மூன்றோ. மிகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாக வராது. செங்குத்தான மலைக்கு அது வரம். இங்கே அதைப் போட்டுப் பார்க்கக் கத்திப்பாரா மேம்பாலம் மட்டுமே இருக்கிறது. அங்கும் பின்னால் வரும் பேருந்து ஆராய்ச்சிக்கு நேரம் தருவதில்லை.

மூன்றைக் கேட்டால் நான்கு விழுகிறது. நான்கைக் கேட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்று கடகடவென்று ஏசுகிறது. இது தலைவியின் குணக்கேடு அன்று. புது வண்டியில் கேபிளும் அதன் உறையும் சில வாரங்களில் படிந்து தளரும். விலையுயர்ந்த வண்டியிலும் அப்படித்தான். கேபிள் பின் கியரில் போய்ச் சேரும் இடத்தில், விரலால் திருகுகிற ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கால் சுற்று திருப்பினால் பாதி ஊடல் தீரும். இதைத் தலைவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் திருகினான். அவை செயின் எல்லை தாண்டாமல் காப்பவை. செயின் எல்லை தாண்டியது.

மருதத்தில் ஊடல் தீர்க்க வாயில் வேண்டும். பாணனோ தோழனோ தூது போவார்கள். இங்கே அந்தப் பொறுப்பு தெருமுனை மெக்கானிக்குக்கு. அவர் வண்டியைத் தூக்கித் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். “கோட்டம் எடுத்துடலாம் சார். கியரும் செட் பண்ணிடலாம். ஆனா நிக்காது சார்.” நூறு பக்க ஆய்வேட்டின் முடிவுரைக்கு இந்தக் கடைசி மூன்று சொல் போதும் என்பது என் துணிபு. பல்கலைக்கழகங்கள் ஒப்புமா தெரியாது.

ஷாக் பற்றியும் அவரே விளக்கினார். ஸ்பிரிங் அமுங்குவது பாதி வேலைதான். அமுங்கியது நிதானமாகத் திரும்பி எழ வேண்டும். அதற்கு உள்ளே எண்ணெயோ வேறு தடையோ வேண்டும். இந்த விலையில் அது கிடையாது, வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கும், உடனே உதைக்கும். பள்ளமே இல்லாத நல்ல தார்ச்சாலையிலும் சும்மா இருப்பதில்லை. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கப் போய்விடுகிறது. தலைவன் முன்னே போவதற்காக மிதிக்கிறான், மேலும் கீழுமாகப் போகிறான்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரக் கணக்கு. உரிப்பொருள் பிரிதல், சிறுபொழுது நண்பகல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், தரமணி சிக்னலில், இடது பெடல் பிரிந்தது.

எஞ்சியது நெய்தல். பெடல் மாற்றியபின் தலைவன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனான். சென்னையில் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் விடியலில் கூடும் இடம் அது. மெல்லிய டயர் வண்டிக்காரர்கள் முந்திப் போனதில் அவனுக்கு வருத்தமில்லை. அவர்கள் வேறு சாதி, உடையே வேறு. முரட்டு டயர் தார்ச்சாலையில் ஹூம் என்று முனகிக்கொண்டிருக்க, டிஸ்க் சற்றே கோணி, சுற்றுக்கொரு முறை ‘ஸ்ஸிக்’ என்று உரசிக்கொண்டிருக்க, பதினெட்டு கிலோ எடையை மேலும் கீழுமாக மிதித்துப் போனவனை, கோவளத்துக்கு அருகே கேரியரில் மீன்பெட்டி கட்டிய ஒரு பெரியவர் முந்தினார். கியர் இல்லாத பழைய வண்டி. லுங்கி. வாயில் பீடி. அவர் வேகமாக ஓட்டியதாகவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்து, “செயின்ல எண்ணெ விடு தம்பி” என்றார். நெய்தல் நிலத்தில் பரதவர் கருப்பொருள் ஆவர் என்பதையும், இரங்கல் இந்த இடத்தில் முழுமை எய்தியது என்பதையும் தேர்வாளர்கள் குறித்துக்கொள்க.

பெரியவர் எப்படி முந்தினார் என்பதற்கு இலக்கணம் பதில் தராது; கூட்டல் கழித்தல் தரும். ஒரு சைக்கிளுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது கேவலமான தொகை அன்று. சட்டகம், இரண்டு சக்கரம், ஒரு செயின், பிரேக், சீட்டு என்று நிறுத்திக்கொண்டால், அந்தப் பணத்துக்கு வருடக்கணக்கில் உழைக்கும் வண்டி கிடைக்கும். அதே தொகையில் ஷாக் இரண்டு, டிஸ்க் இரண்டு, கியர் மாற்றும் கருவி இரண்டு, ஹேண்டிலில் அதற்கான பிடிகள் என்று சேர்த்தால் விலை கூடுவதில்லை. ஒவ்வொன்றின் தரமும் குறைகிறது. பின் அச்சுக்கும் பால்ரஸுக்கும் போக வேண்டிய பணம் ஸ்பிரிங்குக்குப் போய்விட்டது. நல்ல மலைச் சைக்கிள் செய்கிற கம்பெனிகளே தங்கள் தொடக்க விலை வண்டிகளில் பின் ஷாக் வைப்பதில்லை. பணக்கார வண்டி துணியாததை ஏழை வண்டி செய்கிறது. புதிதாக வாங்குகிறவன் பாகங்களை எண்ணத் தெரிந்தவன்; எடைபோடத் தெரியாதவன். விற்பவருக்கு இது தெரியும். இலக்கணத்தில் இதற்கு இடமில்லாததால் மேலே செல்வோம்.

பரிகாரம் பற்றிச் சில சொல்லி முடிக்கலாம். விற்றுவிடுவது உலக வழக்கு. ஆனால் விளம்பரம் போட்டவுடன், போட்ட விலையில் கால்வாசிக்குக் கேட்டு வருகிறார்கள். தலைவன் மெக்கானிக்கிடமே போனான். முதல் நாள் முரட்டு டயர் கழன்று வழுக்கு டயர் ஏறியது. வண்டி உடனே இலேசானது. மறுவாரம் முன் கியர் மாற்றும் கருவி கழற்றப்பட்டு, செயின் நடு வட்டிலேயே நிலைத்தது. 21 ஏழானது, அதில் மூன்றுதான் புழங்குகிறது. பிறகு சைடு ஸ்டாண்டு, மட்கார்டு, பெல். இந்தப் பாதையில் இப்படியே போனால், தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியை அடைந்துவிடலாம் என்பதைத் தலைவனும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். குறுக்கே நின்றது கேரியர் ஒன்றுதான். பின் ஷாக் இருப்பதால் சட்டகத்தின் பின்பாதி மேலும் கீழும் ஆடும். மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாகப் பூட்டும் கேரியர் அதில் நிற்காது. நற்றாயோ அரிசி மூட்டையில் பிடிவாதமாக இருந்தார்.

மெக்கானிக் பின் ஷாக்கை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். உதைத்தது. “இத எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு இரும்புக் கம்பி வெச்சு வெல்டு அடிச்சிடலாம் சார். அப்புறம் ஆடவே ஆடாது. எரநூறு ரூபா ஆவும். ஸ்பிரிங்க நீங்க எடுத்துக்கறீங்களா, நான் வெச்சுக்கட்டா?”