காமாலை வேண்டி ஒரு தவம்

முடக்குவாதத்துக்கு வந்த மருந்துகள் பலவும் தப்பான கணக்குப் போட்டுக் கிடைத்த சரியான விடைகள். கணக்கும் தப்பு, விடையும் தப்பு என்ற காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எங்கோ ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டைத் தின்கிறது என்று டாக்டர்கள் முடிவுகட்டி, பல்லைப் பிடுங்கினார்கள், டான்சிலை வெட்டினார்கள். விரல் மடங்கவில்லை என்று வந்தவர் பொக்கைவாயோடு வீடு திரும்பினார். விரல் அப்படியேதான் இருந்தது.

பிரான்சின் ஜாக் ஃபோரெஸ்தியேவுக்குக் காசநோய் மேல் சந்தேகம். தங்க உப்பு காசநோய்க் கிருமியை அடக்குவதாக 1890இல் ராபர்ட் கோக் சொல்லியிருந்தார். முடக்குவாதமும் அதற்குப் பங்காளிதான் என்று நம்பிய ஃபோரெஸ்தியே, 1929இல் தங்க ஊசி வைத்தியத்தை வெளியிட்டார். பங்காளி உறவு பொய். ஊசி மட்டும் பலருக்குக் கேட்டது. தங்க ஊசி என்பதற்காகக் கண்ணிலா குத்திக்கொள்வது என்பார்கள். இவர்கள் சதையில் குத்திக்கொண்டார்கள். தோல் தடிப்பும் சிறுநீரகக் கோளாறும் இலவச இணைப்பு.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்றொரு டாக்டர், ஷெர்லாக் ஹோம்ஸ் பித்தர். அதே 1929இல் ஒரு நோயாளி, மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி போய்விட்டது என்றார். மற்ற டாக்டர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். துப்பு கிடைத்த ஹோம்ஸ் ரசிகருக்குத் தூக்கம் வருமா? கர்ப்பிணிகளுக்கும் வலி குறைவதைக் கவனித்தார். இரண்டிலும் உடம்பு ஏதோ ஒன்றைக் கூட்டுகிறது என்று ஊகித்து, அதற்கு 'எக்ஸ்' என்று பெயரும் வைத்தார். எல்லா நோயாளிகளையும் கர்ப்பமாக்க வழியில்லை. மிச்சம் காமாலைதான். உலகமே காமாலையை இறக்க அலைகையில் இவர் ஏற்ற அலைந்தார். பித்த உப்பு கொடுத்தார், மாட்டுப் பித்தம் கொடுத்தார், காமாலைக்காரர் ரத்தத்தையே ஏற்றிப் பார்த்தார். எக்ஸ் சிக்கவில்லை.

அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் அட்ரீனல் சுரப்பிச் சாற்றைப் பிரித்து ஏ, பி என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாற்றை ஏற்றிக்கொண்டு ஜெர்மன் விமானிகள் உச்சி வானத்தில் பறக்கிறார்கள் என்று போர்க்காலத்தில் ஒரு வதந்தி. அதை நம்பி அமெரிக்க அரசு ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது. விமானி கதை புளுகு. மெர்க் கம்பெனியின் கையில் கெண்டல் வரிசையின் 'ஈ' மிஞ்சியது. 1948 செப்டம்பர் 21இல், முடக்குவாதத்தால் படுக்கையில் புரளவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு, எக்ஸ் அதுவாக இருக்குமோ என்று ஹென்ச் குழுவினர் அதை ஊசியாகப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அவர் ஊருக்குள் போய் மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினார்! அதுதான் கார்டிசோன். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும் நோபல் பரிசில் பங்கு. ஒரு வேடிக்கை: மெர்க் அதைத் தயாரித்தது மாட்டுப் பித்தத்திலிருந்து. வாய்வழி போனபோது பலிக்காத பித்தம், முப்பதுக்கும் மேற்பட்ட ரசாயனப் படிகள் ஏறி வந்து பலித்தது. கூடவே உப்பிய முகமும் கரைந்த எலும்பும் வந்ததில் ஆரவாரம் சீக்கிரமே அடங்கியது.

அசல் குற்றவாளி வெளிக்கிருமி அல்ல, உடம்பின் காவல்படை. மூட்டின் உள்சவ்வில் முகாமிட்டு, டிஎன்எஃப் போன்ற புரதங்களைச் சுரந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. லண்டனில் மைனி, ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் 1992இல் டிஎன்எஃப்பைப் பிடித்துக் கட்டும் ஆன்டிபாடியை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதுவும் ரத்த நச்சு நோய்க்கென்று கிளம்பி, அங்கே சோபிக்காத சரக்கு.

பணக்கார ஊசிகள் இத்தனை வந்தும் முதல் சீட்டில் இன்றும் மெத்தோட்ரெக்சேட்தான். அதன் வேர் லெடர்லே ஆய்வகத்தில், எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவில் இருக்கிறது. கதர் அங்கி போட்டதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடச் சிறிய எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர் சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதையே முடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைப் புற்றுநோய்க்கென்று செய்ததும் அவருடைய குழு. 1951இல் அவற்றில் ஒன்றை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். கார்டிசோன் மயக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதி தந்தது 1988இல். இப்போது வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அதன் தொல்லையைத் தணிக்க வேறு நாளில் ஃபோலிக் அமிலம் என்று ஒரே சீட்டில் எழுதுகிறார்கள். இரண்டும் அந்த எல்.எம்.எஸ். டாக்டரின் பட்டறைச் சரக்கு.