வேட்டிக் கறையைச் சாகவிடாமல் காப்பது எப்படி?

பெரிய கடைவீதியில் எடுத்த புது வெள்ளை வேட்டி. ஸ்ரீரங்கத்தில் ரிசப்ஷன். மொய்க் கவர் சட்டைப் பையில். மாலை ஆறு மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது, மீதியைச் சொல்லித் தருகிறேன்.

1. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்த நிலையம். கறை படிய இடமில்லையே என்று கவலைப்படாதீர்கள். வெளியே எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. சூடாக ஒரு போண்டா வாங்குங்கள். செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்டக் கூடாதென்று 2018-லேயே விதி வந்துவிட்டது. நீங்கள் தாளில்தான் கேட்க வேண்டும். அச்சு மையும் சேர்ந்து இறங்கட்டும்.

2. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிடுங்கள். ஒரே சொட்டு இரண்டு மடிப்பிலும் ஊறும். மண்டப வாசலில் பெரியவர்களைக் கண்டு மரியாதையாக இறக்கிவிடும்போது முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என ஜோடியாகத் தரிசனம் தரும்.

3. தேயுங்கள். கர்சீப்பால் ஒற்றி எடுப்பது கோழைகள் வேலை. பருத்தி இழைக்குள் மெல்லிய குழல் உண்டு. அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் அதற்குள் குடியேறிவிடும். ஒரு ரூபாய் அளவுக் கறையை உள்ளங்கை அளவுக்கு வளர்க்கலாம்.

4. தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது.

5. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காராதீர்கள். கதவுக் கீலை உரசி நில்லுங்கள். அங்குள்ள கிரீஸில் புழுதியும் இரும்புத்தூளும் கலந்திருக்கும். எண்ணெயே போனாலும் அந்தக் கறுப்புத் தூள் இழையை விடாது. 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தில் நெரிசல் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம், நிதானமாக உரசலாம்.

இனி வீட்டில்.

6. பக்கத்து வீட்டு மாமியிடம் வேட்டியைக் காட்டவே கூடாது. "உடனே அரிசி மாவோ முகப்பவுடரோ தூவுப்பா. ஒரு மணி நேரம் கழிச்சுத் தட்டிவிட்டு, தண்ணி படாமலே பாத்திரம் விளக்குற சோப்பைத் தடவு. கொஞ்ச நேரம் ஊறினதும் வெந்நீர்ல அலசு. கிரீஸா? அதுக்கு முதல்ல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் வச்சு இளக்கு" என்பார். எண்ணெயை எண்ணெயால் எடுக்கிறாராம்! சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கேட்டால் கறை போய்விடும்.

7. வேட்டியை மூன்று நாள் அழுக்குக் கூடையில் சுருட்டி வையுங்கள். கறைக்கும் ஓய்வு வேண்டும்.

8. பிறகு சலவை சோப்பைப் போட்டுக் கும்முங்கள். போண்டா மசாலாவில் மஞ்சள் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, சோப்பின் காரமும் அதையேதான் செய்யும். கறை குங்குமமாக மாறியதும் பதறி இன்னும் நிறைய சோப்பு போடுங்கள். வெயிலில் மட்டும் காயப்போட வேண்டாம், மஞ்சள் வெளிறிவிடும். ஆத்திரம் தீரவில்லையென்றால் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுங்கள். கிரீஸ் அப்படியே இருக்கும், வேட்டி இற்றுவிடும்.

9. கஞ்சி போட்டுத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுங்கள். இதுதான் முத்தாய்ப்பு. பெட்டிச் சூட்டில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து பிசினாக இறுகிவிடும். வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் எந்தச் சாம்பலுக்கும் அசையாத பழுப்புப் பூச்சு இருக்கிறதே, அது இப்படி வந்ததுதான். இஸ்திரிக்காரர் நல்லவர், தயங்குவார். "சார், கறை இருக்கே, துவைச்சுட்டுக் கொண்டு வாங்களேன்?"

"பரவாயில்லப்பா, நல்லா அழுத்திப் போடு."

10. அடுத்த முகூர்த்தத்துக்கும் இதையே கட்டுங்கள். யாராவது உற்றுப் பார்த்தால், பார்த்த மாத்திரத்தில் குனிந்து, கையால் தட்டிவிட்டு, "அட, இப்பதான் பஸ்ல பட்டுது" என்று சொல்லுங்கள்.