சூரியனுக்கு 5, ராத்திரிக்கு 18

2021 ஜூனில் தமிழ்நாட்டின் மின்தடைக்குக் குற்றவாளி சிக்கினார். அணில். கம்பி மேல் அணில் ஓடுவதாலும் கரண்ட் போகிறது என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி விளக்கம் கொடுக்க, ஊரே சிரித்தது. அமைச்சர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உலகம் முழுக்க அணிலால் மின்தடை வருவதுண்டு. சென்னைப் புறநகரான எங்கள் சிட்லபாக்கத்தில் மட்டும் அந்தச் சாக்கு பொருந்தாது. இங்கே மரம் இருந்த இடமெல்லாம் அபார்ட்மென்ட் ஆகி, அணில்கள் காலி செய்துவிட்டுப் போய்ப் பல வருஷம். கரண்ட் மட்டும் போவதை விடவில்லை.

பேரூராட்சியாக இருந்த எங்களை 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்தார்கள். கம்பத்தில் மாற்றம் இல்லை. நகரத்தின் நடுப்பகுதிக்குக் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது, எங்களுக்குத் தலைக்கு மேல் ஊஞ்சலாடுகிறது. மாற்றம் நடப்பதெல்லாம் பெயர்ப்பலகையில். 1957இல் மின்சார வாரியம், 2010இல் டான்ஜெட்கோ, 2024இல் பகிர்மானக் கழகம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு புதுப் பெயர் வைத்தால்கூட ஃபியூஸ் போவது நிற்காது.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து சூரியன் வந்தார். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம்: ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். 3 கிலோவாட் பேனல் போட்டால் 78,000 மானியம். விளம்பரத்தில் ஒரு குடும்பம் மாடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. எங்கள் தெருவிலும் சிலர் நம்பிப் போட்டார்கள். பேனல் மாட்ட வந்தவரிடம் ஒரு பெரியவர் கேட்டார்:

“கரண்ட் போனா இது ஓடும்ல தம்பி?”

“ஓடாது சார். லைன்ல கரண்ட் இல்லன்னா இதுவும் ஆஃப் ஆயிடும்.”

“வெயில் கொளுத்திக்கிட்டு இருந்தாக்கூடவா?”

“கொளுத்தினாக்கூடத்தான் சார். கம்பத்துல லைன்மேன் ஏறியிருப்பாரு இல்ல.”

அந்தப் பையன் சொன்னது சரி. உங்கள் மாடி மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் கம்பத்தில் இருப்பவர் உயிர் போகும். அதனால் கிரிட் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றாக வேண்டும். விதி சரி, இயந்திரம் சரி. ஆனால் விளம்பரத்தில் சிரிக்கிற அந்தக் குடும்பத்திடம் இதை எவன் சொன்னான்? ஏப்ரல் வெயிலில், நட்டநடுப் பகலில், தலைக்கு மேல் மூன்று கிலோவாட் சூரியனை வைத்துக்கொண்டு விசிறி மட்டையோடு உட்காரும் பாக்கியத்துக்கா 78,000 மானியம்?

கரண்ட் போனாலும் சோலார் ஓட ஒரே வழி பேட்டரி. லித்தியம் பேட்டரி, அதற்கேற்ற ஹைப்ரிட் இன்வெர்ட்டர், இரண்டும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். பேட்டரிக்கென்று மானியம் கிடையாது. வரி உண்டு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைக் குறைத்தபோது பேனலுக்கு 5 சதவீதம் என்றார்கள். பேட்டரிக்கு 18. பகலில் வெளிச்சம் தேவைப்படுகிறவனுக்குச் சலுகை, ராத்திரியில் தேவைப்படுகிறவனுக்கு அபராதம். இந்தக் கணக்கைப் போட்டவர் வீட்டில் இதுவரை சாயங்காலமே வந்ததில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் பேட்டரி நமக்குப் புதிதல்ல. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நடக்கிறது. லித்தியம் செல் செய்யும் தொழில்நுட்பத்தை உள்நாட்டில் உருவாக்கி, தனியாருக்குக் கொடுக்க 2018இல் ஒப்பந்தமும் போட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வாசலில் வந்து இறங்கும் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சீனத்துச் செல். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் சுதேசி.

வசதியில்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, 2012 மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்குள் நுழைந்து இன்னும் வெளியேறாத 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. சிவப்பு மிதவை இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்று, முனையில் பச்சை பூத்தால் வெந்நீர் விட்டுத் தேய்த்து வாசலின் தடவு. மாடிப்படிக்கு அடியில்தான் அதற்கு இடம். 2015 டிசம்பரில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது முதலில் முங்கியதும் அதுதான். அதன்பிறகு அது முதல் மாடிக்குப் போய்விட்டது. ஏரித் தண்ணீர் போகும் கால்வாயைச் சரிசெய்வதைவிட அறுபது கிலோ பேட்டரியை மாடியேற்றுவது சுலபம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆக, வீட்டுக்கு வீடு ஒரு மின்வாரியம். தலைவர் அம்மா: ஃப்ரிட்ஜ் ஓடலாம், ஏசி கூடாது, மிக்ஸி ஏழு மணிக்குள் முடிய வேண்டும். லைன்மேன் அப்பா, ஏணி பிடிப்பவன் தற்காலிக ஊழியன், சம்பளம் இல்லை. குடிதண்ணீருக்கு ஏற்கெனவே நாங்களே குடிநீர் வாரியம்: போர், சம்ப், ஆர்ஓ மெஷின், கோடையில் டேங்கர். கழிவுநீருக்கு லாரியைக் கூப்பிடும் வேலையும் எங்களுடையது. எல்லா வாரியமும் நாங்களே என்றால், சொத்துவரியும் மின்கட்டணமும் எதற்கு வாங்குகிறீர்கள்? ரசீது அடிக்கிற காகிதத்துக்கா? வெட்கம் என்று ஒன்று இருந்தால், இரண்டு மாதப் பில்லோடு ஒரு மன்னிப்புச் சீட்டாவது இணைத்து அனுப்ப வேண்டாமா?

இந்தக் கூத்தில் ஒருவரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர். கூரை அவருடையதல்ல, அதனால் சூரிய வீடு திட்டத்தில் அவருக்கு இடமில்லை. 2016 முதல் அரசு தரும் 100 யூனிட் இலவசமும் பல வீடுகளில் ஓனரோடு நின்றுவிடுகிறது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டோ பத்தோ வசூல் நடக்கும். மாடியில் பேனல் ஏறிய பிறகும் அதே ரேட். கரண்ட் போனால் மேலே ஃபேன் சுற்றும், கீழே கொசுவர்த்தி சுற்றும். “சோலார் போட்டாச்சே சார், யூனிட் ரேட்டைக் கொஞ்சம் குறைக்கலாமே” என்று கேட்டுப் பாருங்கள்.

“பேட்டரி லோன் ஓடுதேப்பா. பத்தை வேணும்னா பன்னெண்டா ஆக்கிக்கலாம்.”